பொருள் தெரிந்தும் கை மாற்றி எழுதுவது ஏன்? ஆங்கில எழுத்தில் ஒலி மயக்கம்

கேள்வி இதுதான். ஒருவர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றிருக்கிறார். இலக்கணம் ஓரளவு கைவந்துவிட்டது, சொற்களின் பொருளும் தெரியும். ஆனாலும் எழுதி முடித்துப் பார்த்தால் 'அங்கே' என்று பொருள்படும் 'தேர்' வரவேண்டிய இடத்தில் 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தேர்' உட்கார்ந்திருக்கிறது. 'பிறகு' என்னும் 'தென்'னும் 'விட' என்னும் 'தென்'னும் இடம் மாறியிருக்கின்றன. வேறுபாட்டைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார். பிறகு ஏன் கை மாற்றி எழுதுகிறது? இதை எப்படி நிறுத்துவது?

இத்தகைய தவறுகளின் ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கவனக்குறைவால் வரும் தவறு எங்கு வேண்டுமானாலும் விழும். ஒருவர் எழுதிய பத்துப் பக்கங்களை அடுக்கிவைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதே இணைகள்தான் மாறியிருக்கும். அருகில் உட்கார்ந்து எழுதிய இன்னொருவரிடம் அந்த இணைகளில் ஒரு குழப்பமும் இருக்காது, வேறு இணைகள் மாறியிருக்கும். இவ்வளவு ஒழுங்கோடு வரும் தவறுக்கு ஒழுங்கான காரணம் உண்டு. ஒவ்வொருவரின் குழப்பப் பட்டியலும் அவரவர் காதுக்கு ஏற்ப அமைகிறது. அச்சிட்ட 'அடிக்கடி குழப்பும் சொற்கள்' பட்டியலை மனப்பாடம் செய்தும் பலருக்குப் பயன் கிட்டாததற்குக் காரணம், அந்தப் பட்டியல் வேறொரு காதுக்காக எழுதப்பட்டது.

எழுதுவது கையின் வேலை, கண்ணின் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் காதுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. 1964இல் கான்ராட் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஆங்கில எழுத்துகளை ஒலியே இல்லாமல் கண்ணுக்கு மட்டும் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். தவறியவர்கள் வடிவம் ஒத்த எழுத்தை எழுதவில்லை, ஒலி ஒத்த எழுத்தையே எழுதினார்கள். 'எஃப்' இருந்த இடத்தில் 'எஸ்' வந்தது, 'எம்' இருந்த இடத்தில் 'என்' வந்தது. கண்ணால் வாங்கியதையும் மனம் ஒலியாக மாற்றித்தான் சிறிது நேரம் பிடித்துவைக்கிறது. 1974இல் பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் முன்வைத்த செயல்நினைவு (கையிலுள்ள வேலைக்கான தகவலைச் சிறிது நேரம் பிடித்துவைக்கும் நினைவு) மாதிரியில் இந்த உள்ளொலிக்குத் தனி இடம் கிடைத்தது.

வாக்கியம் எழுதும்போதும் இதுவே நடக்கிறது. அடுத்து எழுதப்போகும் ஐந்தாறு சொற்களை மனம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறது, கை அதைக் கேட்டு எழுதுகிறது. ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால், எது அதிகம் பழகியதோ அதுவே முதலில் கைக்கு வரும். பொருள் அறிந்த மனம் அதைத் தடுத்துத் திருத்த ஒரு கணம் வேண்டும். தேர்வின் கடைசிப் பத்து நிமிடத்திலோ, நள்ளிரவு மின்னஞ்சலிலோ அந்தக் கணம் கிடைப்பதில்லை. 'தெரிந்தும் தவறுகிறேன்' என்ற புகாரின் முழு விளக்கமும் இவ்வளவுதான். வேறுபாட்டைச் சொல்லத் தெரிவது ஒரு திறன், வேகத்தில் சரியான வடிவம் கையில் வருவது இன்னொரு திறன்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தவறுகிறார்களே என்று கேட்கலாம். தவறுகிறார்கள், ஆனால் அவர்களின் தவறு வேறு வகை. இதைப் புரிந்துகொள்ளத் தமிழிலேயே நமக்கு வழி இருக்கிறது. பள்ளியில் 'மயங்கொலிச் சொற்கள்' என்று ஒரு பாடம் படித்திருப்போம்: பள்ளி, பல்லி, அரை, அறை, மனம், மணம், வலி, வளி, வழி. தமிழ்க் குழந்தை 'வகுப்பரை' என்று எழுதுகிறது, ஏனென்றால் பெரும்பாலான பேச்சுவழக்குகளில் அந்த இரண்டு ரகரமும் இன்று ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன. தமிழைப் புதிதாகக் கற்கும் வெளிநாட்டவருக்கும் இந்த மயக்கம் உண்டு. அதோடு தமிழ்க் குழந்தைக்கு ஒருபோதும் வராத தவறுகளும் அவருக்கு வரும். 'பட்டு'க்கும் 'பாட்டு'க்கும் தடுமாறுவார், 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் தடுமாறுவார். நம் குறில், நெடிலும் ஒற்றை, இரட்டை மெய்யும் அவர் காதில் இன்னும் பிரியவில்லை.

ஆங்கிலத்திலும் அப்படியே. 'தேர்' இணை, 'இட்ஸ்' இணை ('அதனுடைய' என்பதும் 'இட் இஸ்' என்பதன் சுருக்கமும்), 'யோர்' இணை ('உன்னுடைய' என்பதும் 'யூ ஆர்' என்பதன் சுருக்கமும்) ஆகியவை எல்லாக் காதுக்கும் ஒன்றுபோல ஒலிப்பவை; அவற்றில் தாய்மொழியாளர்களும் தாராளமாகத் தவறுகிறார்கள். 'ஹேவ்' என்ற துணைவினை வேகப் பேச்சில் தேய்ந்து 'அவ்' என்று ஒலிப்பதால், அதை 'ஆஃப்' என்ற இடைச்சொல்லாக எழுதிவிடும் தவறு பெரும்பாலும் அவர்களுடையது. அவர்கள் அந்தத் தொடரைப் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுப் பழகியவர்கள். புத்தகத்தின் வழி ஆங்கிலம் கற்றவர் அந்தத் தவறைச் செய்வது குறைவு. அவருடைய சொந்தத் தவறுகள், தாய்மொழியாளரின் காதில் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும் சொற்களில்தான் நேர்கின்றன.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. மிட்சுஹிக்கோ ஓட்டா என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் திரையில் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, பொருளால் தொடர்புடையவையா என்று கேட்டார்கள். சாவியைக் குறிக்கும் 'கீ'யும் பாறையைக் குறிக்கும் 'ராக்'கும் வந்தபோது, ஜப்பானிய மொழியினர் தொடர்பு உண்டு என்று தவறாகச் சொல்வதும் தயங்குவதும் கூடியது. காரணம், பூட்டைக் குறிக்கும் 'லாக்'. ஜப்பானிய மொழியில் ரகரமும் லகரமும் தனித்தனி ஒலியன்கள், அதாவது சொற்களின் பொருளைப் பிரித்துக்காட்டும் ஒலிகள், இல்லை. அரபு மொழியினருக்கு அதே தடுமாற்றம் 'பி' என்று நாம் எழுதும் இரண்டு ஆங்கில எழுத்துகள் வேறுபடும் சொற்களில் வந்தது. யாரும் எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை, எழுத்துகள் கண்முன் தெளிவாக இருந்தன. அப்போதும் தாய்மொழியின் காது குறுக்கே வந்தது.

ஆக, எந்தத் தாய்மொழி என்று தெரிந்தால் குழப்பப் பட்டியலைப் பெருமளவு முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்துதான். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்'பும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்'பும் அவர்களுக்குப் பெரும்பாடு. ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் மொழிகளில் சொல்லின் இறுதியில் வரும் அதிர்வொலி (குரல்வளை அதிர ஒலிக்கும் மெய்) அதிர்வை இழந்துவிடும். எனவே கெட்டதைக் குறிக்கும் 'பேட்', வௌவாலைக் குறிக்கும் 'பேட்' போன்ற இணைகளில் அவர்கள் வழுக்குகிறார்கள். இதைப் படிப்பவர்களுக்கு வேண்டியது தமிழ்க் காதின் கணக்கு. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தமிழ்க் காதுக்குச் சில சலுகைகள் உண்டு. குறில், நெடில் வேறுபாடு நம் மொழியின் அடித்தளம் என்பதால் 'ஷிப்'பும் 'ஷீப்'பும் நமக்குப் பெரிதாக மயங்காது. ரகரமும் லகரமும் மயங்கவே மயங்காது. சிக்கல் வேறு இடங்களில்.

முதலாவது, வல்லினம். தமிழில் ககரம், டகரம், தகரம், பகரம் ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப ஒலிக்கும். 'பால்' என்பதில் உள்ள பகரமும் 'தம்பி' என்பதில் உள்ள பகரமும் வேறு வேறு ஒலிகள், ஆனால் அவற்றைப் பிரிக்கத் தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் 2ஆம் எழுத்தின் பெயரையும் 16ஆம் எழுத்தின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'. 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் 'டி'. கடன்சொற்கள் பெருகியதால் சொல்லின் தொடக்கத்தில் இன்று பலருக்கும் இந்த வேறுபாடு பழகிவிட்டது. பேருந்தைக் குறிக்கும் 'பஸ்'ஸை யாரும் 'பால்' போலத் தொடங்குவதில்லை.

சொல்லின் இறுதியில் நிலைமை இன்னும் சுவையானது. தொல்காப்பியம் சொல்லிறுதிக்கு இசையும் மெய்கள் என 11ஐச் சொல்கிறது. அவற்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. எனவே ஆங்கிலச் சொல் வல்லொலியில் முடிந்தால் நம் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதிர்வில்லாத ஒலி என்றால் இரட்டித்தும் விடுகிறது: 'கப்பு', 'பேட்டு'. அதிர்வொலி என்றால் இரட்டிக்காது: 'கார்டு', 'ரோடு'. ஆங்கிலத்தின் அதிர்வு வேறுபாட்டைத் தமிழ் தன் இரட்டிப்பு வேறுபாடாக மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நான் மிகவும் வியந்து பார்ப்பதுண்டு.

ஆனால் மெல்லினத்துக்குப் பின் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. தமிழில் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் எப்போதும் அதிர்ந்தே ஒலிக்கும்: வண்டி, தங்கம், பந்து. அதனால் 'அனுப்பு' என்னும் நிகழ்கால 'செண்ட்'டும் 'அனுப்பினான்' என்னும் இறந்தகால 'சென்ட்'டும் காதில் ஒன்றாகிவிடுகின்றன. செலவிடுதலைக் குறிக்கும் 'ஸ்பெண்ட்', கடன் கொடுத்தலைக் குறிக்கும் 'லெண்ட்', வளைத்தலைக் குறிக்கும் 'பெண்ட்' எல்லாம் இதே குடும்பம். கடைசி எழுத்து 'டி' என்று நாம் எழுதும் இரண்டில் எது என்பதில்தான் காலமே இருக்கிறது. நினைத்தலைக் குறிக்கும் 'திங்க்', பொருளைக் குறிக்கும் 'திங்' இரண்டும் 'ங்க' என்ற ஒரே ஒலிக்கூட்டில் விழுவதும் இதனால்தான். விடைத்தாளில் 'நேற்று அனுப்புகிறேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால் ஆசிரியர் அதைக் காலப்பிழை என்று குறிப்பார். எழுதியவருக்குக் காலம் நன்றாகத் தெரியும். அவர் காதில் விழுந்ததை எழுதினார்.

இரண்டாவது, சகரமும் அதன் அதிர்வு வடிவமும். 'இஸட்' என்ற எழுத்து குறிக்கும் ஒலி தமிழில் இல்லை. விலையைக் குறிக்கும் 'ப்ரைஸ்', பரிசைக் குறிக்கும் 'ப்ரைஸ்'. அரிசிக்கான 'ரைஸ்', எழும்புதலுக்கான 'ரைஸ்'. அறிவுரை என்ற பெயரான 'அட்வைஸ்', அறிவுரை கூறு என்ற வினையான 'அட்வைஸ்' ஆகியவை தாய்மொழியாளர் காதில் தெளிவாகப் பிரியும் இணைகள். தமிழ் எழுத்தில் எழுதும்போது அவை ஒன்றாகவே நிற்பதை இந்தப் பத்தியிலேயே பார்க்கிறீர்கள். இழத்தலைக் குறிக்கும் 'லூஸ்', தளர்வைக் குறிக்கும் 'லூஸ்' இணை மட்டும் விதிவிலக்கு. அதை ஒலியால் பிரிக்கத் தெரிந்தவர்களும் எழுத்தில் தவறுகிறார்கள், ஏனென்றால் அங்கே எழுத்துக்கூட்டலே ஏமாற்றுகிறது. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் 'சூஸ்' அதிர்வொலியில் முடிந்து இரண்டு 'ஓ' பெறுகிறது. அதைப் பார்த்துப் பழகிய கை, இழத்தலுக்கும் இரண்டு 'ஓ' போட்டுவிடுகிறது.

மூன்றாவது, உயிரொலிகள். தமிழில் உயிர் எழுத்து 12. ஆங்கிலத்தின் பிரிட்டிஷ் பொதுவழக்கில் உயிரொலிகள் ஏறத்தாழ 20, அவற்றை எழுத இருப்பதோ 'ஏ, இ, ஐ, ஓ, யூ' என ஐந்து எழுத்துகள். எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் வாய் திறந்து ஒலிக்கும் ஓர் ஒலி ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் அதற்கு இடமில்லை. ஒருவரைக் குறிக்கும் 'மேன்', பலரைக் குறிக்கும் 'மென்'. துயரத்துக்கான 'சேட்', சொன்னதற்கான 'செட்'. நிலத்துக்கான 'லேண்ட்', கடன் தருதலுக்கான 'லெண்ட்'. 'விட', 'பிறகு' என்று தொடக்கத்தில் பார்த்த எடுத்துக்காட்டும் இங்கேதான் சேர்கிறது. ஒன்றில் நடுவெழுத்து 'ஏ', மற்றதில் 'இ'. 'மேன்', 'மென்' இணையை ஆசிரியர் ஒருமை பன்மைப் பிழை என்று குறிப்பார். அதுவும் காதின் பிழைதான்.

ஓகாரப் பக்கமும் இப்படியே. ஆங்கிலத்தின் திறந்த 'ஆ' சாயல் கொண்ட ஒலியையும் நம் ஓகாரத்தை ஒத்த ஒலியையும் பல தமிழ்க் காதுகள் ஓகாரமாகவே வாங்குகின்றன. நடத்தலுக்கான 'வாக்', விழித்தெழுந்ததற்கான 'வோக்'. சட்டத்துக்கான 'லா', தாழ்வுக்கான 'லோ'. விலைக்கான 'காஸ்ட்', கடற்கரைக்கான 'கோஸ்ட்'. இவற்றில் மிக ஆபத்தானது 'வேண்டும்' என்னும் 'வான்ட்'டும் 'மாட்டேன்' என்னும் 'வோன்ட்'டும். மாறினால் வாக்கியத்தின் பொருளே தலைகீழாகிவிடும். கடிதத்தில் ஒரு வேலையை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பதே அந்த ஓர் எழுத்தில் நிற்கும்.

இன்னும் சில: 'வி'யும் 'டபிள்யூ'வும் நமக்கு ஒரே வகரம். அதனால் திமிங்கிலமும் முகத்திரையும் 'வேல்' ஆகின்றன, 'இன்னும் மோசம்' என்பதும் 'செய்யுள்' என்பதும் 'வர்ஸ்' ஆகின்றன. சொல் இகர, ஈகார, எகரத்தில் தொடங்கினால் பேச்சில் ஒரு யகரச் சாயல் முன்னே ஒட்டிக்கொள்ளும். காதைக் குறிக்கும் 'இயர்', ஆண்டைக் குறிக்கும் 'இயர்' இரண்டும் மயங்குவது அதனால். 'எஃப்' ஒலியைப் பகரமாக வாங்கும் வழக்கு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துவருகிறது. இன்னும் அப்படி வாங்குபவர்களுக்கு வேகத்துக்கான 'ஃபாஸ்ட்', கடந்தகாலத்துக்கான 'பாஸ்ட்' போன்ற இணைகள் பட்டியலில் சேரும்.

இத்தனை இணைகள் ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தன? இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கேக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியபோது ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெயர்ச்சி 1700 வரை நீண்டது. எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. கடலைக் குறிக்கும் 'ஸீ'யும் பார்த்தலைக் குறிக்கும் 'ஸீ'யும் ஒருகாலத்தில் வேறு வேறு உயிரொலிகள் கொண்டவை. ஒன்றுக்கு 'இ-ஏ', மற்றதற்கு 'இ-இ' என்ற எழுத்து வேறுபாடு அந்தப் பழைய ஒலி வேறுபாட்டின் பதிவு. வீரனைக் குறிக்கும் 'நைட்'டின் முன்னால் உள்ள 'கே' 17ஆம் நூற்றாண்டு வரை ஒலித்தது. இரவைக் குறிக்கும் 'நைட்'டில் 'கே' எப்போதும் இருந்ததில்லை.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 'விட', 'பிறகு' என்ற பொருள்களுடைய இரண்டு 'தென்'னும் பிறப்பால் ஒரே சொல். எழுத்தில் அவை நிலையாகப் பிரிந்தது 1700ஐ ஒட்டித்தான். 'ஒரு' எஃப் பெறும் 'ஆஃப்'பும் 'இரண்டு' எஃப் பெறும் 'ஆஃப்'பும், 'ஒரு' ஓ பெறும் 'டு'வும் 'இரண்டு' ஓ பெறும் 'டூ'வும், பூவைக் குறிக்கும் 'ஃப்ளவர்'ரும் மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்'ரும் எல்லாம் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையே. பல நூற்றாண்டுகள் அந்த மொழியினரே ஒன்றாக எழுதியதைத்தான் கற்பவர் இன்று ஒன்றாக எழுதுகிறார்.

ஒலி முற்றும் ஒத்த சொற்களைத் தவிர இன்னொரு பெரிய கூட்டம் உண்டு: ஒலியும் வடிவமும் ஏறக்குறைய ஒத்தவை. ஏற்றுக்கொள்ளுதலுக்கான 'அடாப்ட்', தகவமைத்தலுக்கான 'அடேப்ட்'. அமைதிக்கான 'க்வயட்', ஓரளவுக்கான 'க்வைட்'. வழக்கத்துக்கான 'கஸ்டம்', உடைக்கான 'காஸ்ட்யூம்'. பாட்டியா லாஃபர் என்ற மொழியியலாளர் 1980களில் இவற்றுக்கு 'சின்ஃபார்ம்' என்று பெயரிட்டு 10 வகைகளாகப் பிரித்தார். இங்கே குற்றவாளி காது மட்டும் அல்ல, அரைகுறையாகப் பதிந்த நினைவும் சேர்ந்துகொள்கிறது. புதிய சொல்லைக் கற்கும்போது முதல் எழுத்தும் இறுதியும் மெய்களின் சட்டமும் முதலில் பதியும். நடுவில் உள்ள உயிர்கள் கடைசியில்தான் உறைக்கும். அதற்குள் அதே சட்டம் கொண்ட இன்னொரு சொல் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, உங்கள் பட்டியலை நீங்களே எடுப்பது. பழைய கட்டுரைகள், மின்னஞ்சல்கள், திருத்தித் தரப்பட்ட விடைத்தாள்கள் எல்லாவற்றையும் புரட்டி மாறிப்போன சொற்களை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலோருக்கு இந்தப் பட்டியல் மிகச் சிறியதாகவே இருக்கும். பிறகு ஒவ்வோர் இணையையும் வாய்விட்டுச் சொல்லி, மூன்று கேள்விகள் கேளுங்கள்: தாய்மொழியாளர் காதிலும் இவை ஒன்றா? என் காதில் மட்டும் ஒன்றா? இரண்டில் ஒன்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியுமா? அகராதியில் உள்ள ஒலிக்குறியீடு முதல் கேள்விக்கு உடனே விடை தரும். மூன்று வகைக்கும் மருந்து வேறு வேறு.

எல்லாக் காதிலும் ஒன்றாக ஒலிப்பவற்றுக்குக் காதுப் பயிற்சி பயன்படாது. கண்ணுக்கு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியை எதிர் இணையிடமிருந்து எடுக்காதீர்கள், சொல்லின் சொந்தக் குடும்பத்திலிருந்து எடுங்கள். 'அங்கே' என்னும் 'தேர்'ருக்குள் 'இங்கே' என்னும் 'ஹியர்' அப்படியே இருக்கிறது, 'எங்கே' என்னும் 'வேர்'ருக்குள்ளும் இருக்கிறது. மூன்றும் இடத்தைக் குறிப்பவை, மூன்றும் 'இ-ஆர்-இ' என்று முடிபவை. கேட்டலைக் குறிக்கும் 'ஹியர்'ருக்குள் காதைக் குறிக்கும் சொல் இருக்கிறது. இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் ஒலிக்காத 'டபிள்யூ', இரட்டையரைக் குறிக்கும் 'ட்வின்'னிலும் இருமுறையைக் குறிக்கும் 'ட்வைஸ்'ஸிலும் ஒலிக்கிறது. அறிவுரை இணையில் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைக்கு 'எஸ்'. பயிற்சியைக் குறிக்கும் 'ப்ராக்டிஸ்'ஸிலும் பிரிட்டிஷ் வழக்கில் அதே முறை. அமெரிக்க வழக்கில் பயிற்சிக்கு இரண்டு இடத்திலும் 'சி'தான், அதனால் எந்த வழக்கில் எழுதுகிறோம் என்பதில் உறுதி வேண்டும்.

சில இணைகளுக்கு இலக்கண இடமே போதுமான காவல். ஒப்பீட்டுச் சொல் முன்னால் வந்தால் 'ஏ' பெறும் 'தென்' மட்டுமே வரும். மேற்கோள் குறி போன்ற சிறுகுறி பெற்ற 'இட்ஸ்'ஸை 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பார்த்துப் பொருள் வந்தால் குறி சரி, வராவிட்டால் குறி வேண்டாம். இன்னொரு நல்ல வழி, எழுதும்போது மட்டும் மனத்துக்குள் எழுத்தின்படியே உச்சரிப்பது. நிலையாக நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யில் 'ஏ' வரும், எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யில் 'இ' வரும் என்பதை 'ஸ்டேஷன்-ஆரி', 'ஸ்டேஷன்-எரி' என்று உள்ளுக்குள் பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம். புத்தகம் வழியே கற்றவர்களுக்கு இது இயல்பாகவே வரும். அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. எழுத்தில் அது பலம்.

உங்கள் காதில் மட்டும் ஒன்றாக ஒலிப்பவற்றுக்குக் காதைப் பழக்கலாம். வளர்ந்த பிறகு காது மாறாது என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியல்ல. 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் ஜப்பானிய மொழியினருக்கு ரகர, லகர இணைகளைப் பல பேச்சாளர்களின் குரலில் கேட்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் காது தேறியது. பிராட்லோவும் குழுவினரும் 1997இல், கேட்கும் பயிற்சி மட்டும் பெற்றவர்களின் உச்சரிப்பும் அதனால் மேம்பட்டதைக் காட்டினார்கள். பல குரல்கள் என்பதே இங்கே முக்கியம். ஒரே ஆசிரியரின் ஒரே குரலில் கேட்டால் அந்தக் குரலைத்தான் கற்போம். ஒலி தரும் இணைய அகராதிகளில் ஒரே சொல்லைப் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்களில் மாற்றி மாற்றிக் கேட்டு, எது எது என்று கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்து, உடனே சரிபார்ப்பது எளிய தொடக்கம். உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பிரிக்கத் தெரிந்தால் எழுத்துக்கு அது போதும்.

அரைகுறையாகத் தெரிந்த சொற்களைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதீர்கள். இரண்டுமே புதியவை என்றால் அருகருகே படிப்பது குழப்பத்தை விதைக்கும். ஒன்றை நான்கைந்து தொடர்களோடு உறுதியாகப் பிடித்துக்கொண்டு, அது தானாக வரத் தொடங்கிய பிறகு மற்றதைத் தொடுங்கள். ஏற்கெனவே இரண்டும் கலந்துவிட்டவர்கள் மட்டும் ஒருமுறை நேருக்கு நேர் வைத்து வேறுபாட்டைப் பார்த்துவிட்டு, பிறகு தனித்தனியாகப் பழகலாம்.

எழுதி முடித்தபின் சரிபார்க்கும் முறையையும் மாற்ற வேண்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் என்ற அறிவுரை வாக்கிய ஓட்டத்துக்கு நல்லது, இந்தத் தவறுக்குப் பயனற்றது. தவறான 'தேர்'ரும் வாயில் சரியாகவே ஒலிக்கும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் பழைய முறையில் உதவாது, ஏனென்றால் மாறி வந்திருப்பதும் அகராதியில் உள்ள சொல்தான். சூழலைப் பார்த்துத் திருத்தும் இன்றைய கருவிகள் 'தேர்' போன்ற இணைகளை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் இரண்டு சொல்லும் இலக்கணப்படி பொருந்தும் இடத்தில், உதாரணமாக ஒரு திட்டத்தை 'ஏற்றோம்' என்பதா 'மாற்றியமைத்தோம்' என்பதா என்ற இடத்தில், எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்று கருவிக்குத் தெரியாது. அங்கே உங்கள் பட்டியல்தான் துணை. கோப்பில் தேடும் வசதியைத் திறந்து, பட்டியலில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, அவை வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று பாருங்கள். தாளில் எழுதுபவர்கள் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் படிக்கலாம். கதை ஓட்டம் அறுபடுவதால் கண் சொல்லில் நிற்கும்.

எல்லா இணைகளுக்கும் ஒரே நேரத்தில் உழைக்க வேண்டாம். பொருளைத் தலைகீழாக்கும் 'வான்ட்', 'வோன்ட்' போன்றவையும் காலத்தை மாற்றிவிடும் 'செண்ட்', 'சென்ட்' போன்றவையும் முதலில் போகட்டும். படிப்பவர் சூழலால் புரிந்துகொண்டு கடந்துவிடக்கூடிய இணைகள் காத்திருக்கலாம்.

கற்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. விடைத்தாளில் காலப்பிழையையோ ஒருமை பன்மைப் பிழையையோ பார்த்தால், சிவப்பு மை தொடுவதற்கு முன் அந்த மாணவரை அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'நேற்று அனுப்பினேன்' என்று சரியாகச் சொன்னால் அவருக்குக் காலம் தெரியும். அடுத்து ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களையும் நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்லி, எது நிகழ்காலம், எது இறந்தகாலம் என்று அவரைக் கேளுங்கள். அங்கே அவர் தடுமாறினால் காலப் பாடத்தை மீண்டும் நடத்துவதில் பொருளில்லை. மெல்லினத்துக்குப் பின் வரும் அந்த ஒலி வேறுபாட்டை நாள்தோறும் சில நிமிடம் வெவ்வேறு குரல்களில் கேட்கவையுங்கள்.